தெருவுக்கு ஆஷ் மரம் வைக்கலாமா?

மரம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆஷ் மரத்தைக் குறித்தவை மட்டும் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த முறை எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் தெருவில் மரம் நட நகராட்சி ஒரு பட்டியல் தந்து, தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறது. அதில் இரண்டு மூன்று ஆஷ் ரகங்கள் இருக்கின்றன. அது எப்படிப்பட்ட மரம்? தெருவுக்குப் பொருந்துமா?

பதில்: பொருந்தும். ஆனால் இன்றைய நிலையில் அதோடு ஒரு பெரிய எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது, அது கொஞ்சம் கீழே வருகிறது. முதலில் குணத்தைப் பார்ப்போம். ஆஷ் குளிர்நாட்டு மரம், ஆலிவ் குடும்பம், இலையுதிர்க்கும் வகை. இலை வேப்பிலை மாதிரி ஒரே ஈர்க்கில் வரிசையாகச் சிற்றிலைகள் கொண்டது, ஆனால் கிளையில் இலைகள் ஒன்றுக்கொன்று எதிரெதிராக இருக்கும், மொட்டும் கிளையும்கூட அப்படித்தான், அடையாளம் காண இதுவே சுலபமான வழி. மவுண்டன் ஆஷ் என்று விற்பது வேறு மரம், அதன் இலைகள் மாற்றி மாற்றி அமைந்திருக்கும், ஆஷுக்கு வரும் நோய்கள் அதற்கு வராது, வாங்கும்போது குழம்பிவிட வேண்டாம்.

தெருவில் அதற்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், இறுகிப்போன மண், கட்டட இடிபாடு கலந்த மண், சுண்ணாம்பு அதிகமான மண், புகை, காற்று எல்லாவற்றையும் தாங்கி வேகமாக வளரும். வட அமெரிக்கப் பச்சை ஆஷ் வெள்ளம் தேங்கினாலும் நிற்கும், ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வறட்சியிலும் நிற்கும், பனிக்காலத்தில் சாலையில் போடும் உப்பையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நிழல் அடர்த்தியாக இருக்காது, வெயில் புள்ளி புள்ளியாக இறங்கும், அதனால் அடியில் புல் வளரும், ஜன்னலோர அறைகள் இருண்டுபோகாது. உதிர்ந்த சிற்றிலைகள் சீக்கிரம் நொறுங்கிவிடும் என்பதால் பெரிய இலை மரங்களைப் போல வடிகாலை அடைப்பதும் குறைவு. எனக்கு இந்த மரத்தில் மிகவும் பிடித்தது அந்த மெல்லிய நிழல்தான்.

கேள்வி: விதை போட்டு வளர்த்தால் போதாதா? ரகம், ஒட்டு என்று ஏன் இவ்வளவு செலவு?

பதில்: விதையில் வருவது தாய்மரம் மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்று நேராகப் போகும், ஒன்று கவட்டையாகப் பிரியும், பாதி மரங்கள் ஒற்றை இறக்கை வைத்த விதைகளைக் கொத்துக் கொத்தாகக் கொட்டி நடைபாதை இடுக்கிலெல்லாம் முளைக்கும். தெரு முழுக்க ஒரே உயரம், ஒரே வடிவம், விதைக் குப்பை இல்லாமை வேண்டும் என்பதால்தான் நல்ல குணமுள்ள ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அதிலிருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்குகிறார்கள். பெரும்பாலான ஆஷ் இனங்களில் ஆண், பெண் மரங்கள் தனித்தனி, ஆகவே விதை வைக்காத தெரு ரகங்கள் பல ஆண் மரத்திலிருந்து எடுத்தவை. தவிர ஐரோப்பிய ஆஷின் விதை மண்ணில் விழுந்து இரண்டாவது வசந்தத்தில் முளைப்பதே வழக்கம், பொறுமை வேண்டும்.

கேள்வி: பட்டியலில் உள்ள ரகங்களில் எதை எடுப்பது? ரேவுட், வெஸ்ட்ஹாஃப்ஸ் குளோரி, மெச்செக், பேட்மோர், ஆட்டம் பர்ப்பிள் என்று பெயர்கள் குழப்புகின்றன.

பதில்: இடத்தைப் பார்த்து எடுங்கள், பெயரைப் பார்த்து வேண்டாம்.

ரேவுட் குறுகிய இலை ஆஷின் ரகம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு மலைப்பகுதியில் கிடைத்த ஒரு நாற்றிலிருந்து வந்தது. இலை மெல்லியது, இலையுதிர் காலத்தில் மரமே திராட்சை மதுவின் சிவப்புக்கு மாறும், அந்தப் பத்துப் பதினைந்து நாள் அழகுக்காகவே பலர் இதை நட்டார்கள். விதை அரிதாகத்தான் வைக்கும். உயரம் சுமார் 15 மீட்டர், நல்ல மண்ணில் அதற்கு மேலும் போகும். குறை என்னவென்றால் கிளைகள் நடுத்தண்டோடு குறுகலான கோணத்தில் சேரும், பெருங்காற்றில் கிழியும். கலிஃபோர்னியாவில் இதைத் தெருத்தெருவாக நட்ட பிறகு தண்ணீர்ப் பற்றாக்குறையும் ஒரு பூஞ்சையும் சேர்ந்து கிளை நுனிகள் காய்வது பெரிய தொல்லையாக வந்தது. கோடையில் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லாத தெருவுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

வெஸ்ட்ஹாஃப்ஸ் குளோரி ஐரோப்பிய ஆஷ், ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் சாலையோரம் ஏராளமாக நட்ட ரகம். நடுத்தண்டு நேராக ஏறும், இளமையில் ஒடுக்கமாக இருந்து பிறகு விரியும், 20 மீட்டரைத் தாண்டும், தாமதமாகத் துளிர்ப்பதால் பின்பனியில் கருகாது. அகலமான சாலைக்குத்தான் இது, வீட்டு வாசலை ஒட்டிய குறுகலான தெருவுக்கு இல்லை.

இடம் குறைவு என்றால் மெச்செக்கைப் பாருங்கள். மன்னா ஆஷ் அல்லது பூக்கும் ஆஷ் எனப்படும் தென் ஐரோப்பிய இனத்தின் ரகம், ஹங்கேரியில் உருவானது. நேரான தண்டின் உச்சியில் ஒட்டுக்கட்டுவதால் குடை உருண்டையாக, அடர்த்தியாக, பந்து வைத்தமாதிரி நிற்கும், உயரம் 4 முதல் 6 மீட்டர்தான். ஒட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கேதான் குடை தொடங்கும், பிறகு தண்டு நீளாது, ஆகவே ஆட்கள் நடந்துபோகும் இடத்துக்கு 2.2 மீட்டருக்குக் குறையாமல் ஒட்டு வைத்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள். மன்னா ஆஷின் சாதாரண மரத்தில் வசந்தத்தில் வெள்ளைப் பூக்கள் மணத்தோடு வரும், இன்னும் பெரிய மரம் வேண்டுமென்றால் அதே இனத்தில் உயரமாக வளரும் ரகங்களும் இருக்கின்றன.

பேட்மோர் கனடாவின் ஆல்பர்ட்டாவில் கண்டெடுத்த பச்சை ஆஷ், கடும் குளிர் தாங்கும், விதை வைக்காது. ஆட்டம் பர்ப்பிள் விஸ்கான்சினில் தேர்ந்தெடுத்த வெள்ளை ஆஷ், இலையுதிர் நிறத்துக்குப் பேர்போனது. இரண்டுமே அருமையான மரங்கள், ஆனால் அடுத்த பதிலைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வண்டு வந்து ஆஷ் மரமெல்லாம் செத்துப்போகிறதாமே. இனிமேல் நடுவது வீண் என்கிறார் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?

பதில்: வட அமெரிக்காவில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள். மரகத ஆஷ் துளைப்பான் என்ற பளபளப்பான பச்சை வண்டு, ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும், கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. 2002இல் மிச்சிகனில் டெட்ராய்ட் அருகிலும் அதே ஆண்டு கனடாவில் விண்ட்சரிலும் கண்டுபிடித்தார்கள், அதற்குச் சில ஆண்டுகள் முன்னமே வந்து சத்தமில்லாமல் பரவியிருந்தது. வண்டு இலையைக் கொறிப்பதால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. அதன் புழுதான் பட்டைக்கு அடியில் நெளிந்து நெளிந்து தின்கிறது, இலையில் தயாரான உணவும் வேரிலிருந்து வரும் தண்ணீரும் போகிற பாதை அங்கேதான் இருக்கிறது, சுற்றிலும் அது அறுபட்டால் பெரிய மரமும் சில ஆண்டுகளில் காய்ந்துவிடும். இப்படிக் கோடிக்கணக்கான மரங்கள் போய்விட்டன. ஆசியாவின் மஞ்சூரிய ஆஷ் அந்த வண்டோடு நீண்ட காலம் சேர்ந்தே வாழ்ந்த இனம் என்பதால் எதிர்த்து நிற்கிறது, அமெரிக்க இனங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை. பரவுவதற்கு மனிதர்கள்தான் பெரிய காரணம், விறகை வண்டியில் ஏற்றி ஊர் விட்டு ஊர் கொண்டுபோனார்கள்.

ஐரோப்பாவில் முதல் எதிரி வண்டு அல்ல, பூஞ்சை. 1990களின் தொடக்கத்தில் போலந்தில் மரங்கள் நுனியிலிருந்து காயத் தொடங்கின, 2012இல் பிரிட்டனில் உறுதியானது, அந்த ஆண்டே அங்கே கன்று இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். இந்தப் பூஞ்சையின் வித்து உதிர்ந்த இலைக் காம்புகளிலிருந்து கோடையில் காற்றில் கிளம்பும். ஐரோப்பிய ஆஷும் குறுகிய இலை ஆஷும் இதற்குப் பலியாகின்றன, மன்னா ஆஷ் பெரிய சேதம் இல்லாமல் தப்பிக்கிறது. காட்டில் நெருங்கி நிற்கும் மரத்தைவிடத் தெருவில் தனியாக நிற்கும் மரம் பொதுவாக மெதுவாகத்தான் பாதிக்கப்படும், உதிர்ந்த இலையை வாரி அகற்றுவதும் ஓரளவு உதவும். அதே நேரம் மாஸ்கோவில் மரகத வண்டும் வந்துவிட்டது, அங்கிருந்து மேற்கே நகர்கிறது, அதையும் மறக்கக் கூடாது.

ஆகவே என் கருத்து இது. வண்டு வந்த பகுதியில் புதிதாக ஆஷ் நடவே வேண்டாம். பூஞ்சை மட்டும் உள்ள பகுதியில் மன்னா ஆஷ் ரகங்களை நடலாம். இரண்டும் இல்லாத இடத்தில் தாராளமாக நடலாம், ஆனால் தெரு முழுக்க ஆஷாக வேண்டாம், இதை நான் அழுத்தியே சொல்கிறேன். வட அமெரிக்க நகரங்களில் ஒரு காலத்தில் தெருவெல்லாம் எல்ம் மரம், எல்ம் நோய் வந்து அவை செத்தன, காலியான இடத்தில் பெரும்பாலும் ஆஷை வரிசையாக நட்டார்கள், பிறகு வண்டு வந்தது. ஒரே ஒட்டிலிருந்து வந்த 200 மரங்கள் நின்றால் நோய்க்கு அது ஒரே மரம்தான். அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தில் பணியாற்றிய ஃபிராங்க் சான்டமூர் 1990இல் ஒரு கணக்கு சொன்னார்: ஒரு நகரத்தில் ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேல், ஒரே பேரினம் (எல்லா ஆஷ் இனங்களும் சேர்ந்தது ஒன்று) 20 சதவீதத்துக்கு மேல், ஒரே குடும்பம் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று. என்னைக் கேட்டால் இந்த அளவுகூட அதிகம்தான்.

கேள்வி: எங்கள் பகுதியில் நோய் இல்லை, நடுவதாக முடிவு செய்துவிட்டோம். குழி எவ்வளவு ஆழம்? எப்படி நடுவது?

பதில்: ஆழம் குறைவு, அகலம் அதிகம். குழியின் ஆழம் வேர்மண் கட்டியின் உயரத்துக்கு மேல் ஒரு விரல்கூடப் போகக் கூடாது, அகலம் அதன் இரண்டு மூன்று மடங்கு. ஆழமாகத் தோண்டி, இளகிய மண்ணைத் திரும்பப் போட்டு அதன் மேல் கன்றை வைத்தால் மாதங்கள் போகப் போக மண் இறங்கும், மரமும் கூடவே இறங்கும். தெருவில் நட்ட மரங்கள் பத்து ஆண்டு கழித்துக் காரணமே தெரியாமல் வாடுவதற்கு ஆழமாக நட்டது முக்கியமான காரணம்.

அடிமரம் விரிந்து வேராகப் பிரியும் இடத்தை முதலில் தேடுங்கள். நர்சரியிலேயே அதன் மேல் மண் ஏறியிருக்கும், அதை விரலால் தள்ளி அந்த விரிவு கண்ணுக்குத் தெரியும்வரை எடுத்துவிட்டு, நட்டபின் அது தரைமட்டத்தில் அல்லது 2–3 செ.மீ. மேலே இருக்கும்படி வையுங்கள். அடியில் ஒட்டு வைத்த ரகமென்றால் ஒட்டின் முடிச்சு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். தொட்டியில் வளர்ந்த கன்றில் வேர் சுற்றிச் சுற்றி வளர்ந்திருக்கும், அதை அப்படியே வைத்தால் வேர் பெருத்து ஒருநாள் தன் மரத்தையே நெரிக்கும், ஆகவே வெளிச்சுற்று வேரை நறுக்கி விரித்துவிடுங்கள், தயங்க வேண்டாம், ஆஷின் வேர் மறுபடி சீக்கிரம் கிளம்பும். சாக்கும் கம்பி வலையும் சுற்றி வந்த கன்றில் குழிக்குள் நிறுத்திய பிறகு மேல்பாதியிலாவது இரண்டையும் வெட்டி எடுத்துவிடுங்கள், கழுத்தில் கட்டிய கயிற்றைக் கட்டாயம் அவிழுங்கள்.

தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். குழிக்குள் மட்டும் உரமும் மட்கும் நிறையக் கொட்டினால் வேர் அந்தச் சுகத்தை விட்டு வெளியே போகாது. களிமண்ணில் மண்வெட்டி குழியின் சுவரை வழவழப்பாக்கிவிடும், அதைக் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். பாதி நிரம்பியதும் தண்ணீர் விட்டு மண்ணை அமர விடுங்கள், காலால் ஏறி மிதிக்க வேண்டாம்.

ஊன்றுகோல் காற்று அடிக்கும் இடத்துக்கு மட்டும். இரண்டு கம்பு, கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்திலேயே அகலமான பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள், தண்டு கொஞ்சம் அசைய வேண்டும், அசைந்தால்தான் அடிமரம் பருக்கும். ஓர் ஆண்டு, அதிகம் போனால் இரண்டு ஆண்டில் கழற்றிவிடுங்கள். கழற்ற மறந்த கட்டு பட்டைக்குள் புதைந்து தண்டை அறுத்திருப்பதைத் தெருத்தெருவாகப் பார்க்கலாம், வேதனையாக இருக்கும். அப்புறம் 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு, மரச்சீவலோ காய்ந்த இலையோ எதுவானாலும் சரி, தண்டைத் தொடாமல் ஒரு கையளவு விலக்கிப் போடுங்கள். முதல் இரண்டு மூன்று கோடையிலும் மழை இல்லாத வாரங்களில் 50 லிட்டர் அளவுக்கு ஒரே தடவையில் மெதுவாக இறங்கும்படி விடுங்கள், தினம் ஒரு குவளை தெளிப்பதில் பயனில்லை.

நடும் காலம், இலை உதிர்ந்ததிலிருந்து வசந்தத்தில் மொட்டு விரியும் முன்பு வரை, தரை உறையாத நாட்களில். மண் இல்லாத வெறும் வேர்க் கன்று என்றால் இந்தக் காலம் தவிர வேறு எப்போதும் நடாதீர்கள், வேரை வழியில் ஒரு நிமிடமும் காய விடாதீர்கள்.

கேள்வி: நடைபாதையைத் தூக்குமா? சாக்கடைக் குழாயை உடைக்குமா?

பதில்: நல்ல குழாயை உடைக்காது, ஏற்கெனவே கசியும் குழாய்க்குள் புகுந்துவிடும். நடைபாதையைத் தூக்குவது வேருக்கு அடியில் இடம் இல்லாததால். பெரிதாக வளரும் ஆஷ் ஒன்றுக்கு வேர் ஓடக்கூடிய மண் 20 முதல் 30 கன மீட்டர் வேண்டும், ஒன்றரை மீட்டர் சதுரக் குழியில் அது எங்கே கிடைக்கும்? நடைபாதைக்கு அடியில் கல்லும் மண்ணும் கலந்த, பளு தாங்கும் கலவையைப் போட்டு வேருக்கு வழிவிடுவது ஒரு வழி, அதற்கு வசதியில்லை என்றால் சிறிய ரகத்தை நடுவதே நியாயம்.

கேள்வி: மற்ற மரமெல்லாம் துளிர்த்துவிட்டது, போன ஆண்டு நட்ட ஆஷ் மட்டும் மொட்டையாக நிற்கிறது. செத்துவிட்டதா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஆஷ் கடைசியாகத் துளிர்க்கும் மரங்களில் ஒன்று, நட்ட முதல் ஆண்டில் இன்னும் பிந்தும். ஒரு சின்னக் கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை ஈரம் இருந்தால் உயிர் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வாசலில் உள்ள ரேவுட் புயலில் நடுவே பிளந்துவிட்டது. மற்ற மரங்களை எப்படிக் காப்பாற்றுவது? அடியிலிருந்து வேறு மாதிரி இலையோடு கிளை கிளம்புகிறதே, அதை விடலாமா?

பதில்: ஆஷில் மொட்டு எதிரெதிராக இருப்பதால் நுனி ஒருமுறை முறிந்தால் இரண்டு தண்டுகள் சமமாகக் கிளம்பிவிடும். பதினைந்து ஆண்டு கழித்துப் பிளப்பது அந்தக் கவட்டைதான், இரண்டுக்கும் நடுவே பட்டை உள்வாங்கிப் போயிருப்பதால் அங்கே மரம் ஒட்டியிருக்காது. இளமையிலேயே ஒன்றை நடுத்தண்டாகத் தேர்ந்தெடுத்து, போட்டியாக வருவதைப் பாதி நீளத்துக்குக் கவாத்து செய்துவிட்டால் அது பின்தங்கிவிடும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்து, கீழ்க்கிளைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குடையை மேலே தூக்கிக்கொண்டு போங்கள், நடைபாதைப் பக்கம் சுமார் 2.5 மீட்டர், வண்டி போகும் பக்கம் 4.5 மீட்டர் அளவுக்கு. வளர்ந்த மரத்தில் பெரிய கிளையை வெட்டினால் காயம் ஆறாமல் உளுக்கும். உச்சியை மொட்டையடிக்கவே வேண்டாம். அடியில் வருவது வேருக்காக வைத்த மரத்தின் கிளை, பிஞ்சிலேயே ஒட்டுக்குக் கீழே பிடுங்கிவிடுங்கள், விட்டால் மேலே உள்ள ரேவுட்டை அது மிஞ்சிவிடும். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில், இப்படி வேருக்காக வைக்கும் குறுகிய இலை ஆஷ் விதை வைத்து ஆற்றங்கரைகளில் களையாகவே பரவியிருக்கிறது.

கேள்வி: வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கிறது. வாசலில் ஆஷ் வைக்கலாமா?

பதில்: மன்னா ஆஷ் தவிர மற்ற தெரு ஆஷ்கள் இலைக்கு முன்னே பூத்து மகரந்தத்தைக் காற்றில் விடுபவை, விதை வைக்காத ஆண் ரகங்களும் அப்படியே. ஆலிவ் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மருத்துவரிடம் ஒரு பரிசோதனை செய்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். மன்னா ஆஷில் பூச்சிகள்தான் பெரும்பாலும் மகரந்தம் சுமக்கின்றன, தொந்தரவு குறைவு.

கேள்வி: வெப்பமான சமவெளியில் வளருமா?

பதில்: மேலே சொன்ன ரகங்கள் வளராது, அவற்றுக்கு உறங்க ஒரு குளிர்காலம் வேண்டும். இலையுதிர்க்காத ஆஷ் இனங்கள் உண்டு, மெக்சிகோவின் ஷமெல் ஆஷ் அதில் ஒன்று. ஆனால் அது மிகப் பெரிதாகி நடைபாதையைப் பெயர்க்கும், ஹவாயில் காட்டுக்குள் புகுந்து பரவியும்விட்டது. அந்த மண்ணிலேயே வளரும் நிழல்மரத்தை நடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு முன் பெரிய பச்சை ஆஷ் நிற்கிறது. வண்டு வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெட்டவா, மருந்து போடவா?

பதில்: உச்சியில் இலை குறையும், அடிமரத்தில் புதுக்கிளைகள் குபுகுபுவென்று கிளம்பும், மரங்கொத்திகள் புழுவைத் தேடிப் பட்டையைச் செதில் செதிலாக உரித்திருக்கும், பட்டையில் 3 மி.மீ. அகலத்தில் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் பாதி நிலா வடிவத் துளைகள் இருக்கும். துளை கண்ணுக்குத் தெரியும்போது வண்டு வந்து ஓரிரு ஆண்டாவது ஆகியிருக்கும். குடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டால் மருந்தில் பலன் எதிர்பார்க்காதீர்கள். அதற்குக் குறைவாக இருந்து மரமும் நல்ல வடிவத்தில் இருந்தால், எமாமெக்டின் பென்சோயேட் என்ற பூச்சிக்கொல்லியை அடிமரத்துக்குள் ஊசி போட்டு ஏற்றுகிறார்கள், இரண்டு, நிலைமையைப் பொறுத்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும், உரிமம் பெற்ற ஆள்தான் செய்ய வேண்டும். வண்டு உங்கள் பகுதியில் இருக்கும்வரை இந்தச் செலவு தொடரும் என்பதையும் கணக்கில் எடுங்கள். காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், காய்ந்த ஆஷ் மிகச் சீக்கிரம் சட்டென்று முறியும் நிலைக்கு வந்துவிடும், அதன் பிறகு மேலே ஏறி வெட்ட வருபவரின் உயிருக்கே ஆபத்து. வெட்டிய கட்டையை அந்த இடத்திலேயே சிறு சீவல்களாக நொறுக்கிவிடுங்கள், யார் கேட்டாலும் விறகுக்கென்று வெளியூருக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம்.